‘மற்றவை’ நீக்கப்பட்டது

2025 ஜனவரி 14, செவ்வாய்

இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. செயலியின் மரணப் பட்டியலில் ஒருவருமே இல்லாத நாளில் திரையில் தோன்றும் வரி நடுவில் வரும். சாம்பல் நிறத்தில் வரும்.

இதற்கு இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன. கறுப்பு என்றால் துக்கம். பச்சை என்றால் கட்சி. சிவப்பு என்றால் கைப்பேசி பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போய்விடுவார்கள். சாம்பலுக்கு ஊரில் உரிமையாளர் இல்லை. வாசகம்: ‘ஜனாஸா எதுவும் இல்லை’. இறைவனுக்கு நன்றியாக முன்னால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சேர்க்கலாம் என்றார் ஒன்றியத்தின் செயலாளர். மரணம் இல்லாத நாளுக்கு அதைச் சொன்னால் மௌத்தான வீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று தலைவர் கேட்டார். சேர்க்கப்படவில்லை.

பின்னாளில் புரட்டிப் பார்த்தால் எனக்கே விளங்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். ஊர்ப் பள்ளிவாசல்களின் ஒன்றியம் ஜனாஸா அறிவித்தலுக்கு, அதாவது மரண அறிவித்தலுக்கு, ஒரு செயலி கேட்டிருக்கிறது. செய்வது நானும் காரைதீவுத் துசாந்தும். இடம், கல்முனையில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடி. பரீட்சைப் பிள்ளைகளைக் கருதி ஒலிபெருக்கியில் மௌத்துச் சொல்வதை நிறுத்தப் போகிறார்கள். இனி மௌத்து கைப்பேசியில் வரும். மஹல்லாவுக்கு, ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களுக்கு, ஒரு பகுதி. பகுதிக்கு மேலே தலைப்பு: பள்ளியின் பெயர். நடுவே மௌத்தானவர். கீழே அடிவரி: நல்லடக்கம் எங்கே, எந்தத் தொழுகைக்குப் பின். நோன்புக்கு முன் முடித்தாக வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

ஒன்றியக் கூட்டம். பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது நம் பழையவர்களின் கொள்கை. தலைவரும் அந்த மரபினர்.

“மேல என்ட படம் வரணும் தம்பி. நான் ஆசப்பட்டுக் கேக்கல்ல. இது ஆர் செஞ்சதெண்டு சனம் கேக்கும்.”

“வரும் ஹாஜியார். விரலால மேல தள்ளினாப் போயிரும்.”

“போகாமச் செய்.”

“ஒட்டி நிக்கிறது மஹல்லாட தலைப்பு மட்டும்தான். படம் முழுப் பட்டியலுக்கும் ஒருக்காத்தான் வரும்.”

“அப்ப ஒவ்வொரு மஹல்லாட தலைப்புலயும் படத்தப் போட்டுரு.”

“போடலாம். ஒவ்வொரு மையித்துக்கும் மேல ஒங்கட படம் நிக்கும்.”

பிரேதங்களுக்கு மேலே தன் முகம் என்றதும் தலைவர் தேநீரைத் தள்ளி வைத்தார். “வேணா. ஒருக்கா வந்தாப் போதும்.”

பிறகு பகுதிகளின் வரிசை. வடக்கிலிருந்து தெற்கா, பள்ளி கட்டிய ஆண்டின்படியா? எந்தப் பள்ளியும் தன்னைவிடப் பழைய பள்ளி ஒன்று இருப்பதாக ஏற்கவில்லை. கடைசியில், எந்த மஹல்லாவில் கடைசியாக மௌத்து நடந்ததோ அது முதலில் என்று தீர்ந்தது. முதலிடம் பிடிக்க இனி ஒரே வழிதான் உண்டு.

ஜனவரி 17, வெள்ளி

மழை. குத்பாப் பிரசங்கத்தில் மௌத்தை நினைக்கச் சொன்னார்கள். நான் வேறெதையும் நினைப்பதில்லை. தலைப்பு முதல் பெயரின் பாதியை மறைக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

காக்காவை, என் அண்ணனை, பார்க்கப் போனேன். எங்கள் அக்கா றாஹிலா ராத்தா வீட்டுப் பின்னறையில் படுத்திருக்கிறார். கிட்னி இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்வதற்கு வீட்டில் ‘மெசினுக்குப் போறது’ என்று பெயர். மெசினுக்குப் போய் வந்த நாளில் அவர் பேசுவதில்லை. இன்று பேசினார்.

அபுல் ஹஸன் என்ற என் காக்கா பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்தவர். எல்லா பஸ்ஸும் அவரைக் கேட்டுத்தான் புறப்பட்டன. மனைவி ஸுஹைறாவோடு தலாக் ஆன அன்று அவர் ஒரு பையோடு ராத்தா வீட்டுக்கு வந்தார். மகள் பஸ்மினா நற்பிட்டிமுனையில் உம்மாவோடு. அவளை அவர் கண்டு வருடங்கள் ஆகின்றன.

ராத்தா நேற்றுச் சந்தையில் அவளைக் கண்டிருக்கிறாள். கத்தரிக்காய்க் கடைக்குப் பின்னால் நின்று கதைத்தார்களாம். ராத்தா அவளுடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

“வாப்பா உசிரோட இரிக்கும் மட்டும் அந்த வாசல் மிதிக்க மாட்டன் எண்டு உம்மா என்ட கையக் குர்ஆன்ல வச்சிச் சத்தியம் வாங்கினவ மாமி. மௌத்தானாச் சத்தியம் முடிஞ்சி. ஒடன வருவன். முகம் பாக்க மட்டும் உட்டுருங்க.”

கோல் எடுக்கவா என்று ராத்தா கேட்டாளாம்.

“ஐயோ வேணா. என்ட போன உம்மா எடுத்துப் பாப்பா. ஒங்கட நம்பரக் கண்டாப் புடுங்கிருவா. மாமாமார் வெளிய உட மாட்டாங்க. சாச்சா என்னமோ ஒண்டு செய்யிறாராமே, அதுல போடுங்க. அது எல்லார்ர போனிலயும் இரிக்கும். நான் பாக்கிறது ஆருக்கும் விளங்காது.”

அவள் சொல்லும் சாச்சா நான். சத்தியத்தை முறிக்கப் பரிகாரம் உண்டு, ஏழைகளுக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று காக்காவிடம் சொன்னேன்.

“சத்தியத்துக்குப் பரிகாரம் இரிக்கிடா. உம்மாட மனசுக்கு இல்ல. வளக்கிறவள் அவள். சும்மா இரி. புள்ள ஒரு சட்டம் கண்டு புடிச்சிருக்காள். நான் சுருக்காப் போனா சுருக்கா வருவாள்.”

சிரித்தார். ராத்தா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஜனவரி 23, வியாழன்

செயலாளர் தொலைபேசியில். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், கோபத்திலும் எழுவாய், பயனிலை தவறாது. இன்று தவறியது.

“என்ன செஞ்சி வச்சிருக்காய்? எங்கட மையித்த வாடித் தெருப் பள்ளிட தலைப்புக்குக் கீழ போட்டிருக்காய். ரெண்டு பள்ளிக்கும் காணி வழக்கு நடக்கிது தெரியுமா?”

நடந்தது இது. திரை சிக்கனமானது. மேலே போய் மறைந்த தலைப்பை எறிவதில்லை. கீழிருந்து வரும் அடுத்த பகுதிக்கு அதையே மாட்டும். பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதுவது எங்கள் வேலை. துசாந் மறந்துவிட்டான், நான் சரிபார்க்க மறந்துவிட்டேன். செயலாளரின் புளியடிப் பள்ளியின் மரணம் ஒன்று வாடித் தெருவின் பெயரைச் சூடிக்கொண்டது.

“சேர், அந்த மையித்து உண்மையில்ல. பரீட்சிச்சிப் பாக்க நாங்க வச்ச பேர்.”

“பொய் மையித்தெண்டாலும் எங்கட மையித்து.”

திருத்திக் கொடுத்தோம்.

ஜனவரி 27, திங்கள்

மீண்டும் கூட்டம். இன்றைய பொருள்: யார் எந்தப் பகுதியில்.

விதி தெளிவானது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறான். பள்ளியில் அவன் பெயர் அந்த மஹல்லாவில் ஏறுகிறது. பிள்ளைகள் உம்மாவின் மஹல்லா. தலாக் ஆனால் ஆணின் பெயர் வெட்டப்படும். வெட்டிய பெயர் எங்கே போகும் என்பதற்கு விதி இல்லை.

ஆகவே பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். அதற்கும் தலைப்பு உண்டு, அடிவரி உண்டு. திரையில் காட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“மௌத்தான ஒரு முஸ்லிமப் போய் ‘மற்றவை’ எண்டு போடுறதா? கோழிக் கடையில போடுற மாதிரி?” என்றார் தலைவர்.

“மஹல்லா இல்லாத ஆள் இந்த ஊர்ல இல்ல,” என்றார் செயலாளர். “அப்பிடி ஒரு பகுதி வச்சா நம்மட நிருவாகத்துக்கு வெக்கம்.”

“தலாக் சொல்லிப் பிரிஞ்ச ஆம்புள இரிக்கார்தானே சேர்?”

“அவர் திரும்பக் கலியாணம் முடிப்பார்.”

“முடிக்காட்டி?”

“முடிக்கச் செல்லுங்க.”

‘மற்றவை’ ஏகமனதாக நீக்கப்பட்டது. கூட்டத்தில் இருந்த எல்லோரும் மனைவி வீட்டில் இருப்பவர்கள். நானும்தான். எனக்குத் தலைப்பு இருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

துசாந் ‘மற்றவை’யை எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணன், மஹல்லா இல்லாம ஒரு பேர் வந்தா செயலி அப்பிடியே விழுந்திரும். என்ன செய்யிற?”

“அந்தப் பேர உட்டுட்டுப் போகச் செல்லு.”

“உட்டுட்டுப் போறதெண்டா ஆளையே காட்டாது.”

“அப்பிடி ஒராள் ஊர்ல இல்லையாம். ஏகமனதாத் தீர்மானம்.”

“எங்கட ஊர்லயும் மாப்பிள்ள பொண்டாட்டி வீட்டுலதான். ஆனா செத்தா நோட்டீஸ் அடிச்சி மதில்ல ஒட்டிருவம். மதில் ஒண்டும் கேக்காது,” என்றான். சொன்னபடியே எழுதினான்.

என் கைப்பேசியில் உள்ள, அதே பட்டியலைக் காட்டும் சோதனைப் பதிப்பில் மட்டும் ‘மற்றவை’யை விட்டுவைத்திருக்கிறேன். தலைப்பின் உயரமும் அடிவரியின் இடைவெளியும் முதல் தடவையிலேயே சரியாக வந்த ஒரே பகுதி அதுதான். அழிக்க மனமில்லை.

அப்துல் ஸமட் மச்சானிடம், ராத்தாவின் கணவரிடம், சொல்லிவிட்டேன்: காக்காவைத் தன் மஹல்லாவில் சேர்க்கும்படி வாடித் தெருப் பள்ளிக்கு ஒரு மனு. மச்சான் இன்றே கொடுத்துவிட்டார்.

பெப்ரவரி 1, சனி

வெளியீட்டு விழா. மூன்று பேருக்குப் பொன்னாடை. அதில் இருவர் கைப்பேசியில் கோல் மட்டும் எடுக்கத் தெரிந்தவர்கள். தலைவர் பொத்தானைத் தொட்டார். பெரிய திரையில் அவருடைய படம் வந்தது. அதற்குக் கீழே என்ன வருமென்று சபை காத்திருந்தது. இன்று ஊரில் மௌத்து நடக்கவில்லை. ‘ஜனாஸா எதுவும் இல்லை’ என்று வந்தது. கை தட்டினார்கள்.

பெப்ரவரி 5, புதன்

முதல் மௌத்து. தலைப்பு ஒட்டி நின்றது. அடிவரி சரி. மௌத்தானவரின் மருமகன் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காக்காவின் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. அவரும் செயலியை வைத்திருக்கிறார். படுத்தபடி மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறார்.

“நான் எந்தத் தலைப்புக்குக் கீழ வருவன்?”

“வாடித் தெருப் பள்ளி. மச்சான் மனுக் குடுத்திருக்கார்.”

“மனு இன்னம் அங்கதான் கெடக்கு. நான் டிப்போவில நிண்ட ஆள், எனக்குத் தெரியும் மனு எப்பிடிப் போகுமெண்டு.” பிறகு: “பேர் என்ன பெருப்பத்துல வரும்?”

“நல்லாத் தெரியும்.”

“அவளுக்குக் கண்ணாடி போட்டிருக்காம். அதான் கேட்டன்.”

பஸ்மினா காலையில் ஒருதரம், பள்ளிக்கூடம் விட்டு ஒருதரம் செயலியைப் பார்க்கிறாளாம். ராத்தாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள் படிக்கும் மாலை வகுப்புக்குப் போகிறது. அதனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். காக்கா இதை இரண்டு தரம் என்னிடம் சொன்னார். ஒரு பிள்ளை தினமும் இரண்டு தரம் தன் வாப்பாவின் மௌத்தைத் தேடுகிறது. வாப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. இதை எங்கே வைப்பது? எந்தப் பகுதியில்?

பெப்ரவரி 13, வியாழன்

மனுவுக்குப் பதில். மனைவியின் சகோதரனை மஹல்லாவில் சேர்த்ததற்கு முன்னுதாரணம் இல்லை. நிராகரிக்கவும் முன்னுதாரணம் இல்லை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பேசுவார்கள்.

செயலாளர் என் தோளைத் தட்டினார். “யோசிக்காதீங்க. அப்பிடி ஒண்டு நடந்தா நாங்க அப்ப பாத்துக்குவம்.”

பெப்ரவரி 16, ஞாயிறு

துசாந் வயல் வெட்டுக்குப் போய்விட்டான். காக்கா இன்று மெசினுக்கு வரமாட்டேன் என்றார். கெஞ்சினோம். “பஸ் போகட்டும்,” என்றார்.

பெப்ரவரி 19, புதன்

காக்கா மௌத்து. அதிகாலை, சுபஹுக்குப் பாங்கு சொல்லும் முன்னர். இன்னா லில்லாஹி.

ராத்தா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, என் வீட்டு வாசலில் வந்து நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

வாடித் தெருப் பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தின்தான் செயலியில் பதிவு செய்பவர். ஒழுங்கான மனிதர். மஹல்லா இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். “தீர்மானம் இல்லாம எழுத எனக்கு ஏலா தம்பி, பேர மட்டும் போட்டிருக்கன்,” என்றார். நான் அவரோடு தர்க்கிக்கவில்லை. என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஊரில் இன்று வேறு மௌத்து இல்லை. ஒரே பகுதி. ‘மற்றவை’. கீழே அபுல் ஹஸன். அதற்குக் கீழே: லுஹருக்குப் பின் நல்லடக்கம்.

மற்றவை. சரி. அதற்கெல்லாம் சண்டை பிடிக்கும் நாளா இது? பேர் இருக்கிறது. நேரம் இருக்கிறது. தெளிவாக, பெரிதாக இருக்கிறது.

ஸமட் மச்சான் கேட்டார்: “நற்பிட்டிமுனைக்கு ஒராள அனுப்பவா?”

“வேணா மச்சான். நம்மட ஆளக் கண்டா மாமாமார் புள்ளய உள்ள வச்சிப் பூட்டிருவாங்க. அதுல வந்திரிச்சி. அவள் பாப்பாள்.”

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்தோம். ஆட்கள் வந்தார்கள். அவள் வரவில்லை. பள்ளிக்கூட நாள், விட்டதும் வருவாள் என்றாள் ராத்தா. மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்றார் மௌலவி. ராத்தா அவர் முன்னால் போய் நின்றாள். “ஒரு தொழுகைக்குப் பிந்தினா மண் ஓடியா போகப் போகுது?” என்றாள். அவள் ஆண்களுக்கு முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மௌலவி அஸர் வரை விட்டார்.

அடிவரியை நானே மாற்றினேன். நண்பகல் லுஹரை அழித்து அஸர் என்று போட்டேன். பிந்தி வந்தாலும் அவளுக்கு நேரம் தெரிய வேண்டுமே.

ஓட்டோச் சத்தம் கேட்கும் போதெல்லாம் ராத்தா எழுந்தாள். ஒன்று பக்கத்து வீட்டுக்கு. ஒன்று காஸ் சிலிண்டர். ஒன்று ஒழுங்கை பிழைத்து வந்தது.

என்னடா புள்ள நீ. வருவன் எண்டாய்தானே.

அஸருக்குத் தூக்கிவிட்டோம். முகத்தை மூடியது நான்.

பெப்ரவரி 20, வியாழன்

“ஸுஹைறா பெத்த புள்ளதானே,” என்றாள் ராத்தா. “அந்தச் சத்தியம் முடியல்லப் போல.”

நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் சொல்லும் சொல்லை நம்பி ஒரு மையித்தை அஸர் வரை வைத்திருந்தோம் என்றுகூட நினைத்தேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் தலைவரும் செயலாளரும் வந்தார்கள். நல்ல மனிதர் என்றார்கள். ஒன்றியத்தின் அனுதாபக் கடிதத்தை எந்தப் பள்ளியின் முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார்கள். ஸமட் மச்சான் இந்த வீட்டு இலக்கத்தைச் சொன்னார். அப்படி வழக்கம் இல்லை என்றார் செயலாளர். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பெப்ரவரி 22, சனி

பஸ்மினா வந்தாள். தனியாக, வகுப்புக்குக் கொண்டு போகும் பையோடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றாள். காக்காவின் தாடை அவளுக்கு. கண்ணாடி தடிப்பு.

ராத்தா எழும்பவில்லை. “இப்பதான் வழி தெரிஞ்சதா?” என்றாள்.

“நேத்துத்தான் தெரியும் மாமி. வகுப்புல ஒரு புள்ள கேட்டாள், ஒன்ட வாப்பா மௌத்தாமே, நீ போகல்லயா எண்டு. நான் அவளுக்கு ஏசினன். பொய் செல்லாத எண்டு.”

“புதன்கிழம அதுல பாக்கல்லயா நீ?”

“பாத்தன் மாமி. காலயில பாத்தன். ஸ்கூல் உட்டு வந்து பாத்தன். பின்னேரம் வகுப்புக்கு இஞ்ச கல்முனைக்குத்தான் வந்த. ஓட்டோக்குள்ளயும் பாத்தன். சாச்சாட்டக் கேளுங்க, நான் பாத்ததா இல்லயா எண்டு அதுல தெரியும்தானே.”

கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். ஊருக்குக் கொடுத்த செயலியைத் திறந்து புதன்கிழமையைத் தொட்டேன்.

மேலே தலைவரின் படம். அதற்குக் கீழே, ‘ஜனாஸா எதுவும் இல்லை’. எழுத்து நடுவில் இருந்தது. சாம்பல் நிறம்.